ஓபோவில் எந்த எஃப்-ஐப் பிடிப்பது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் தடுக்கி விழுந்தால் ஓர் ஆசிரியர் கிடைப்பார். இரட்டை ரீட் வைத்து ஊதும் குழல் வாத்தியமான ஓபோவுக்கு அப்படியில்லை. மலேசிய ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா பக்கமும், செர்டாங் புத்ரா பல்கலைக்கழக இசைத் துறைப் பக்கமும் விசாரித்து, யாராவது வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் உண்டு. கட்டணம் மணிக்கு நூறு வெள்ளிக்குக் (ரிங்கிட்) குறையாது. அந்த ஒரு மணி நேரத்தில் பாதி, ரீட் (வாயில் வைத்து ஊதும் நாணல்) ஏன் ஒலிக்கவில்லை என்று பார்ப்பதிலேயே போய்விடும். ஒரே ஸ்வரத்தை வேறு விரல்களால் பிடிக்கும் மாற்று விரல்பிடி என்ற பேச்சு மாதக்கணக்கில் தள்ளிப் போகும். அதற்குள் விரல்கள் தங்களுக்குப் பிடித்த வழியில் பழகிவிடும். அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.

அங்கும் இங்குமாகக் கேட்டு, பார்த்து, வாசித்துத் தெரிந்துகொண்டதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஓபோவில் அடிப்படை ஸ்வரங்களை ஊதத் தெரியும், ஆனால் எஃப் ஸ்வரம் வந்தால் விரல் தடுமாறுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது இது. இன்னும் ஒலியே வரவில்லை என்பவர்கள் கொஞ்ச நாள் கழித்து வாருங்கள்.

1. வாங்கும் முன், வாங்கியிருந்தால் இன்றைக்கே: என்னென்ன கீ இருக்கிறது என்று பாருங்கள்

மாற்று விரல்பிடியைப் பற்றிய எந்த அறிவுரையும் உங்கள் வாத்தியத்தைப் பொறுத்தது. எல்லா ஓபோக்களிலும் எல்லாக் கீயும் இருக்காது. மாணவர்களுக்கான மலிவு வகைகளில் அடிக்கடி வெட்டப்படுபவை, எஃப்-ஐ இடது சுண்டுவிரலால் பிடிக்க உதவும் இடது எஃப் கீயும், விரல் மாற்றிப் பிடிக்கும் எஃப்-இன் ஒலியைத் தெளிவாக்கும் எஃப் ரெசனன்ஸ் கீயும். கடைக்காரர் "எல்லாம் இருக்கு" என்று சொல்வார். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் சொன்னார்கள். வாயால் கேட்காதீர்கள், கண்ணால் பாருங்கள்.

இடது எஃப் இருக்கிறதா என்று பார்க்க: வலது மோதிர விரலால் வழக்கமான எஃப் கீயை அழுத்துங்கள். கீழ்ப்பகுதியில் ஒரு பேட் (துளையை மூடும் மெத்தை) திறப்பது தெரியும். எந்த பேட் என்று மனதில் வைத்துக்கொண்டு விரலை எடுத்துவிடுங்கள். இப்போது இடது சுண்டுவிரலுக்கு உரிய கீக்களை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அவற்றில் ஏதாவது ஒன்று அதே பேடைத் திறந்தால் அதுதான் இடது எஃப். ஒன்றும் திறக்கவில்லை என்றால் அந்த வாத்தியத்தில் அது இல்லை.

இடது ஈ-ஃபிளாட்டையும் இதே வழியில் பார்த்துவிடலாம். வலது சுண்டுவிரல் திறக்கும் ஈ-ஃபிளாட் பேடை இடது சுண்டுவிரலாலும் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ரெசனன்ஸ் கீயைக் காதால் கண்டுபிடிக்கலாம். இடது கையின் மூன்று விரல்களும் வலது கையின் ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் மூடியிருக்க, வலது நடுவிரலை மட்டும் எடுத்து ஊதுங்கள். இதுதான் ஃபோர்க் எஃப். தெளிவாக, வழக்கமான எஃப்-க்குப் பக்கத்தில் ஒலித்தால் ரெசனன்ஸ் கீ இருக்கிறது. ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரி அடைத்துக்கொண்டு ஒலித்தால் இல்லை. அப்போது வலது சுண்டுவிரலால் ஈ-ஃபிளாட் கீயையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், ஒலி திறந்துகொள்ளும்.

கடைசியாக, பின்பக்கம் இடது கட்டைவிரல் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆக்டேவ் கீயோடு தனியாக ஒரு தட்டும் இருந்தால் அது இங்கிலாந்துப் பாணியான தம்ப்-பிளேட் வகை. அதில் பி-ஃபிளாட்டுக்கும் நடு சி-க்கும் கட்டைவிரலைத் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். பிரெஞ்சுப் பாணியான கன்சர்வட்வார் வகையில் அதே ஸ்வரங்களுக்கு வலது ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த வாத்தியங்களும் உண்டு. பயன்படுத்திய வாத்தியத்தை வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், பிறகு அட்டவணையில் போட்டபடி பிடித்தும் சரியான ஸ்வரம் வரவில்லை என்று திண்டாட வேண்டியிருக்கும்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இணையச் சந்தையில் ஓரிரு ஆயிரம் வெள்ளிக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத ஓபோக்களை விட்டுவிடுங்கள். அவற்றில் கீக்கள் எல்லாம் இருப்பது போலத் தெரியும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டி வேலை செய்யாது. தெரிந்த தயாரிப்பாளரின் புதிய மாணவர் ஓபோ பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டிவிடும். அந்தப் பணத்துக்கு இடது எஃப் இல்லாத புதியதும், இடது எஃப் உள்ள பயன்படுத்தியதும் கிடைத்தால், பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டிவிட்டு இரண்டாவதை வாங்குங்கள். பிறகு கீ சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அது செலவு பிடித்த வேலை. அதைச் செய்யும் ஆளும் இங்கே எளிதில் கிடைக்கமாட்டார்.

2. தாள்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள்

மூன்று தாள்கள் பெட்டியிலேயே இருக்க வேண்டும். வாங்கிய ரசீது, வரிசை எண் குறித்த தாள், விரல்பிடி அட்டவணை. முதல் இரண்டும் விற்கும்போதும், பழுதுபார்க்க அனுப்பும்போதும், வெளிநாட்டுக்கு எடுத்துப் போய்த் திரும்பும்போதும் வேண்டியிருக்கும். வரிசை எண்ணைப் படம் எடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை விஷயத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, தம்ப்-பிளேட் அட்டவணையைக் கன்சர்வட்வார் வாத்தியத்துக்கு எடுத்துக்கொள்வது. கீழ்ப்பகுதி ஒத்துப்போவதால் உடனே தெரியாது, பி-ஃபிளாட்டிலும் நடு சி-யிலும் வந்துதான் இடிக்கும். இரண்டாவது, ஜெர்மன் அட்டவணை. அதில் பி என்று போட்டிருந்தால் அது நம்முடைய பி-ஃபிளாட். நம்முடைய பி-ஐ அவர்கள் ஹெச் என்று எழுதுவார்கள். பிரெஞ்சு அட்டவணையில் டோ, ரே, மீ என்று இருக்கும், அதில் குழப்பம் இல்லை. முடிந்தவரை உங்கள் வாத்தியத்தைத் தயாரித்தவர்கள் தரும் அட்டவணையையே அச்செடுங்கள்.

எந்த அட்டவணையும் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று படம் போட்டிருக்கும், எதை எப்போது பிடிப்பது என்று சொல்லாது. மீதிக் கட்டுரை அதற்குத்தான்.

3. மூன்று எஃப்-களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

மூன்றிலும் இடது கையின் மூன்று விரல்களும் மூடியிருக்கும். மேல் ஆக்டேவ் என்றால் கட்டைவிரல் ஆக்டேவ் கீயைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி விரல்பிடி ஒன்றுதான்.

வழக்கமான எஃப்: வலது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூடியிருக்க, மோதிர விரல் எஃப் கீயை அழுத்தும்.

இடது எஃப்: வலது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அப்படியே. மோதிர விரல் சும்மா இருக்கும், இடது சுண்டுவிரல் தன் எஃப் கீயை அழுத்தும். திறக்கும் பேட் ஒன்றே என்பதால் ஒலியில் வித்தியாசம் இருக்காது. இதுதான் இந்தக் கீயின் பெரிய நன்மை.

ஃபோர்க் எஃப்: வலது ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் மூடும், நடுவிரல் எழும். ரெசனன்ஸ் இல்லாத வாத்தியத்தில் ஈ-ஃபிளாட் கீ சேரும். ஒலி கொஞ்சம் மங்கல், சுருதியும் கொஞ்சம் நகரும்.

ரெசனன்ஸ் உள்ள வாத்தியத்தில் ஈ-ஃபிளாட் கீயையும் பழக்கதோஷத்தில் அழுத்துவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. பள்ளியில் ஒரு வாத்தியத்தில் கற்றுவிட்டு, சொந்தமாக நல்ல வாத்தியம் வாங்கியவர்களிடம் பார்க்கலாம். எஃப் மேலே ஏறிப் போகும். அவர்கள் ரீட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ட்யூனரை வைத்து மூன்று எஃப்-களையும் நீளமாக ஊதி, எது எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று அட்டவணையின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். பத்து நிமிட வேலை. ரீட் மாறினால் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

4. எஃப்-ஐப் பார்க்காதீர்கள், அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

சிக்கல் முழுவதும் வலது மோதிர விரலில் இருக்கிறது. டி, ஈ-ஃபிளாட், டி-ஃபிளாட், கீழ் சி, கீழ் பி, கீழ் பி-ஃபிளாட் எல்லாவற்றிலும் அந்த விரல் தன் துளையின் மேல் உட்கார்ந்திருக்கும். வழக்கமான எஃப்-க்கு அதே விரல் துளையை விட்டு எஃப் கீக்குத் தாவ வேண்டும். தாவும் நேரத்தில் நடுவே ஈ எட்டிப் பார்க்கும். மெதுவாக ஊதினால் ஒரு சின்ன விக்கல், வேகமாக ஊதினால் சேறு.

எனவே முதல் கேள்வி: எஃப்-க்கு முன்போ பின்போ மோதிர விரல் துளையை மூடும் ஸ்வரம் ஒட்டி வருகிறதா? இல்லை என்றால் வழக்கமான எஃப். ஈ, ஜி, ஏ, நடு சி இவற்றோடு வரும் எஃப்-க்கு யோசிக்கவே வேண்டாம். சி மேஜர் ஸ்கேலில் டி-க்கும் எஃப்-க்கும் நடுவே ஈ வந்துவிடுவதால் அங்கும் வழக்கமானதே போதும்.

ஒட்டி வருகிறது என்றால் இரண்டாவது கேள்வி: இடது சுண்டுவிரல் காலியாக இருக்கிறதா? இருந்தால் இடது எஃப். டி மைனர் ஆர்பெஜியோ, பி-ஃபிளாட் மேஜர் ஸ்கேல், நடு ஆக்டேவில் பாதித் துளை டி-யிலிருந்து எஃப்-க்குப் போவது, எல்லாவற்றுக்கும் இதுதான்.

இடது சுண்டுவிரல் கீழ் பி-யிலோ, பி-ஃபிளாட்டிலோ, ஏ-ஃபிளாட்டிலோ, இடது ஈ-ஃபிளாட்டிலோ மாட்டிக்கொண்டிருந்தால் ஃபோர்க்.

வரிசை இதுதான்: வழக்கமானது, இடது, ஃபோர்க். பலர் தலைகீழாகப் பழகிவிடுகிறார்கள். டி-யிலிருந்து ஃபோர்க் எஃப்-க்கு நடுவிரலை மட்டும் எடுத்தால் போதும் என்பதால் அது சோம்பேறி விரலுக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லா எஃப்-ஐயும் ஃபோர்க்கிலேயே ஊதும் மாணவரை அறைக்கு வெளியிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். ஸ்கேலில் ஒரு பல் மட்டும் கறுத்திருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மிக வேகமான ஓட்டத்தில் ஒலியின் நிறத்தை யாரும் பிரித்துக் கேட்கப்போவதில்லை. அங்கே விரல் குறைவாக அசையும் வழியே நல்ல வழி. நீண்டு நிற்கும் எஃப் என்றால் ஃபோர்க் கடைசிப் புகலிடம்.

பள்ளி விண்ட் ஆர்க்கெஸ்ட்ராவில் ஊதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்பப் புத்தகங்கள் சி, ஜி, டி மேஜர் என்று போகும். பேண்ட் இசையோ பி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், ஏ-ஃபிளாட் என்று ஃபிளாட்டுகளிலேயே குடியிருக்கும், அங்குள்ள வாத்தியங்கள் பலவற்றுக்கு அதுதான் வசதி. பக்கத்தில் இருக்கும் கிளாரினெட்காரருக்குத் தாளில் இரண்டு ஃபிளாட் குறைந்துவிடும். ஓபோவுக்கு எழுதியதும் ஒலிப்பதும் ஒன்று என்பதால் அத்தனையும் நம் தலையில்தான். ஆகவே பேண்டில் சேர்ந்த முதல் மாதமே இடது எஃப் தேவைப்படும். புத்தகத்தில் அந்தப் பக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

5. சுண்டுவிரல்களுக்குள் நடக்கும் சண்டை

வலது சுண்டுவிரலுக்கு சி, சி-ஷார்ப், ஈ-ஃபிளாட் என்று மூன்று கீக்கள். இடது சுண்டுவிரலுக்கு ஜி-ஷார்ப், கீழ் பி, கீழ் பி-ஃபிளாட், இடது ஈ-ஃபிளாட், இடது எஃப். ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு கீயில் போய் நிற்க வேண்டிய இடங்கள்தான் பிரச்சினை. ஜி-ஷார்ப்பும் ஏ-ஃபிளாட்டும் ஒரே கீ, சி-ஷார்ப்பும் டி-ஃபிளாட்டும் ஒரே கீ என்பதை மறக்காதீர்கள்.

சி-யிலிருந்தோ டி-ஃபிளாட்டிலிருந்தோ ஈ-ஃபிளாட்டுக்குப் போகிறீர்களா? இடது ஈ-ஃபிளாட். கீழ் பி-யிலிருந்து போகிறீர்களா? வலது ஈ-ஃபிளாட். இது எளிது. அதோடு எஃப்-ம் சேரும்போதுதான் கணக்குப் போட வேண்டும்: டி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், எஃப் என்று ஏறினால் ஈ-ஃபிளாட்டை இடதில் எடுத்துவிட்டு எஃப்-ஐயும் இடதில் எடுக்க முடியாது. ஒன்று, இடது ஈ-ஃபிளாட், ஃபோர்க் எஃப். அல்லது வலது சுண்டுவிரலை டி-ஃபிளாட்டிலிருந்து ஈ-ஃபிளாட்டுக்கு வழுக்கிவிட்டு, இடது எஃப். முதல் வழி வேகத்துக்கு நல்லது. இரண்டாவது வழி ஒலிக்கு நல்லது. வழுக்கும் முன் சுண்டுவிரல் நுனியை மூக்கின் ஓரத்தில் லேசாகத் தடவிக்கொள்வார்கள், அந்த எண்ணெய்ப் பசை போதும். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும். ஊதும் வாத்தியக்காரர்களிடையே இது பழைய வழக்கம்.

இன்னொரு உபயோகமான விஷயம். பெரும்பாலான ஓபோக்களில் வலது ஆள்காட்டி விரல் மூடினாலே ஜி-ஷார்ப் பேட் தானாக மூடிக்கொள்ளும். எஃப்-ஷார்ப்பை ஊதிக்கொண்டே ஜி-ஷார்ப் கீயை அழுத்திப் பாருங்கள். ஒலி மாறவில்லை என்றால் உங்கள் ஓபோவிலும் இந்த வசதி இருக்கிறது. அப்படியானால் எஃப்-ஷார்ப், ஜி-ஷார்ப் மாறி மாறி வரும் இடங்களில் இடது சுண்டுவிரலை எடுக்கவே வேண்டாம். அழுத்தியபடியே இருந்து, வலது ஆள்காட்டி விரலை மட்டும் ஆட்டினால் போதும். இதை மனதில் வையுங்கள், அடுத்த பகுதியில் வேண்டும்.

6. கட்டையைக் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்

நம்மவர்களிடம் ஓபோ இருப்பது தெரிந்துவிட்டால், பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒரு நவராத்திரி நிகழ்ச்சிக்கு, ஒரு கல்யாண வரவேற்புக்குக் கூடவே ஊதச் சொல்வார்கள். பாட்டு என்ன என்று கேட்பதற்கு முன் கட்டை என்ன, அதாவது பாடுபவரின் சுருதி என்ன என்று கேளுங்கள். ஒரு கட்டை சி, ஒன்றரை சி-ஷார்ப், இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி-ஷார்ப், ஆறு ஏ, ஆறரை பி-ஃபிளாட். ஓபோ கச்சேரிச் சுருதியிலேயே ஒலிப்பதால் மாற்றிக் கணக்கிட வேண்டியதில்லை, அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ஸ ரி க ப த, ஐந்தே ஸ்வரம், யாருக்கும் தெரிந்த ராகம். ஒரு கட்டையில் அது சி, டி, ஈ, ஜி, ஏ. எஃப்-ஏ இல்லை, சொர்க்கம். இரண்டு, ஐந்து, ஆறு கட்டைகளிலும் எஃப் இல்லை. நான்கு கட்டையில் எஃப்தான் ஸட்ஜம். அதற்குக் கீழே தைவதமாக டி ஒட்டி நிற்கும், அதனால் மேலிருந்து இறங்கி ஸட்ஜத்தில் நிற்கும்போது வழக்கமான எஃப், த-ஸ என்று வரும்போது இடது எஃப். ஆறரையில் எஃப் பஞ்சமம். டி-க்கும் ஜி-க்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், இடது எஃப் போதும்.

ஒன்றரைக் கட்டைதான் சோதனை. டி-ஃபிளாட், ஈ-ஃபிளாட், எஃப், ஏ-ஃபிளாட், பி-ஃபிளாட். எஃப் இங்கே காந்தாரம். அதன் ஒரு பக்கம் ஈ-ஃபிளாட், மோதிர விரல் துளையில். மறுபக்கம் ஏ-ஃபிளாட், இடது சுண்டுவிரலில். வழக்கமான எஃப் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். இடது எஃப் ஏ-ஃபிளாட்டோடு மோதும். மிஞ்சுவது ஃபோர்க்.

நான் பரிந்துரைப்பது இப்படி. இடது சுண்டுவிரலை ஜி-ஷார்ப் கீயின் மேலேயே நிறுத்திவிடுங்கள், கீழ் ஸ்வரங்களில் வலது ஆள்காட்டி விரல் மூடியிருப்பதால் அது தொந்தரவு செய்யாது. டி-ஃபிளாட் வலது சுண்டுவிரலில். அங்கிருந்து அதே விரலை ஈ-ஃபிளாட்டுக்கு வழுக்குங்கள். எஃப்-க்கு வலது நடுவிரலை மட்டும் எடுங்கள். ரெசனன்ஸ் இல்லாத வாத்தியத்தில் ஈ-ஃபிளாட் கீயை விடாமல் பிடித்திருந்தால் அதுவே ஒலியைத் தெளிவாக்கிக்கொடுக்கும். ஏ-ஃபிளாட்டுக்கு வலது கையை மொத்தமாக எடுத்துவிடுங்கள், இடது சுண்டுவிரல் ஏற்கெனவே அங்கே காத்திருக்கிறது. இறங்கும்போது அப்படியே திரும்பி வாருங்கள். ஸரிகப, பகரிஸ என்று மெதுவாக நான்கைந்து நாள் ஊதினால் கை தானாகப் போகும்.

இதில் கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு அசைத்துத் தொட வேண்டும் என்றால் ஈ-ஃபிளாட் கீயைப் பிடித்தபடி நடுவிரலை மட்டும் மெல்ல உருட்டி எடுத்தால் போதும். இடது எஃப்-இல் இரண்டு கையையும் ஒருசேர அசைத்துக் கமகம் பிடிப்பது கஷ்டம். நாகஸ்வரம் மாதிரி வழுக்காது, அது வேறு வாத்தியம். ஆனால் கீ தட்டும் சத்தம் கேட்காமல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போக முடியும்.

காந்தாரத்திலேயே நீண்டு நின்று முடிக்கும் வரியென்றால் ஃபோர்க்கின் மங்கல் வெளியே தெரியும். அந்த ஒரு இடத்தில் மட்டும் இடது சுண்டுவிரலை முன்கூட்டியே எஃப் பக்கம் கொண்டுபோய் இடது எஃப்-இல் வந்து நில்லுங்கள். ஃபோர்க்கில் இறங்கி, ஊதிக்கொண்டே இடதுக்கு மாறிக்கொள்ளலாம் என்று முயலாதீர்கள். மாறும் இடத்தில் ஒரு விக்கல் நிச்சயம், அதுவும் மைக் முன்னால்.

ஐந்தரைக் கட்டை இதைவிடச் சுலபம். எஃப் அங்கே தைவதம். ஈ-ஃபிளாட்டுக்கும் மேல் ஸட்ஜமான ஏ-ஃபிளாட்டுக்கும் நடுவே வரும், அதே ஃபோர்க் வழியே சரிப்படும். சி-யிலிருந்து ஈ-ஃபிளாட்டுக்குப் போகும் க-ப, நடு சி என்றால் வலது சுண்டுவிரல் காலி, பிரச்சினையில்லை. கீழ் சி என்றால் வலது சுண்டுவிரல் அங்கும் வழுக்க வேண்டும்.

7. முதலில் பென்சில், அப்புறம் வாத்தியம்

புதிய தாள் கைக்கு வந்ததும் ஊதாதீர்கள். பென்சிலை எடுத்து எஃப், ஈ-ஃபிளாட் எல்லாவற்றையும் தேடி, நான்காம் பகுதியில் சொன்ன இரண்டு கேள்விகளையும் கேட்டு முடிவை மேலே குறியுங்கள். இடதுக்கு எல், வலதுக்கு ஆர், ஃபோர்க்குக்கு ஒரு சின்ன முட்கரண்டி. வழக்கமான எஃப்-க்கு எதுவும் வேண்டாம், தாள் நிறைந்துவிடும். ஊதிக்கொண்டே முடிவெடுத்தால் திங்கட்கிழமை ஒரு விரல், வியாழக்கிழமை ஒரு விரல் என்று ஆகும், விரலுக்கு எதுவும் பதியாது.

குறித்த பிறகு, முன்னால் ஒரு ஸ்வரம், எஃப், பின்னால் ஒரு ஸ்வரம் என்று மூன்றை மட்டும் மெதுவாக மெட்ரோனோம் வைத்து ஊதுங்கள். அறுபதில் ஆரம்பித்து, சுத்தமாக வந்தால் மட்டும் ஏற்றுங்கள். வேகம் கூடியபின் குறித்தது ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் மாற்றலாம். மேடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாற்றாதீர்கள். மோசமான முடிவேயானாலும் பழகிய விரலோடு ஏறுவது நல்லது.

8. கிரேடு தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

இங்கே பெரும்பாலானோர் ஏபிஆர்எஸ்எம் எழுதுகிறார்கள், சிலர் டிரினிட்டி. இரண்டும் பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியங்கள். ஏபிஆர்எஸ்எம் செயல்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். 100 எடுத்தால் தேர்ச்சி, 120-க்கு மெரிட், 130-க்கு டிஸ்டிங்ஷன். மூன்று பாடல்களுக்குத் தலா 30, ஸ்கேல்களுக்கு 21, பார்த்து ஊதுவதற்கு 21, செவிப்புலச் சோதனைக்கு 18.

தேர்வாளர் எந்த விரல்பிடி என்று பார்த்து மதிப்பெண் போடமாட்டார். சீராக ஒலிக்கிறதா என்றுதான் கேட்பார். ஆனால் ஸ்கேல்களை மனப்பாடமாக ஊத வேண்டும், அங்கே பென்சில் குறி உதவாது. கிரேடு ஏற ஏற ஃபிளாட்டுகள் கூடும். ஆகவே ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என விரலைத் தனித்தனியாக முடிவு செய்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எஃப் மெலடிக் மைனர் நல்ல உதாரணம்: ஏறும்போது மேல் எஃப்-க்கு முன் ஈ வருவதால் வழக்கமானது, இறங்கும்போது உடனே ஈ-ஃபிளாட் வருவதால் இடது. மேல் எஃப்-ஐத் தொட்டதும் திரும்ப வேண்டும் என்பதால் ஏறும்போதே இடது எஃப்-இல் போய் நிற்பது புத்திசாலித்தனம்.

பார்த்து ஊதுவதற்கு முன் அரை நிமிடம் தருவார்கள். அந்த அரை நிமிடத்தில் மெட்டைப் பாடிக்கொண்டிருக்காதீர்கள். கீ சிக்னேச்சரில் எத்தனை ஃபிளாட் என்று பாருங்கள், எஃப் எங்கெங்கே டி அல்லது ஈ-ஃபிளாட்டோடு ஒட்டி வருகிறது என்று கண்ணால் தேடுங்கள், அந்த இடங்களை மட்டும் ஊதிப் பாருங்கள். ஊதிப் பார்க்க அனுமதி உண்டு.

அனுமதியில்லாத நகல் தாளோடு தேர்வறைக்குள் போகக் கூடாது. ஆகவே வீட்டில் நகலில் குறித்துப் பழகியிருந்தால் எல்லாக் குறிகளையும் அசல் புத்தகத்துக்கு மாற்றிவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு செய்யும் வேலை அல்ல இது. அசல் புத்தகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் ஆகும், பதிவு செய்யும்போதே ஆர்டர் கொடுங்கள். கட்டணம் கிரேடுக்குக் கிரேடு கூடும், அதை முன்பே எடுத்துவைக்க வேண்டும். அதோடு பியானோ துணைக்கு வருபவரின் கட்டணமும் உண்டு, ஒத்திகைக்கும் தேர்வுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவின்போது அடையாள அட்டையில் இருக்கும் பெயரையே கொடுங்கள். தந்தை பெயரோடு நீளமாக எழுதும் நம் வீடுகளில் இது அடிக்கடி குளறுபடியாகும், சான்றிதழில் திருத்துவது அலைச்சல். ஏபிஆர்எஸ்எம்மில் ஆறாம் கிரேடு எழுத ஐந்தாம் கிரேடு தியரியையோ அதற்கு இணையாக அவர்கள் ஏற்கும் தேர்வையோ முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள். டிரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை.

9. விரல் சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால்

முதல் சந்தேகம் ரீட். கையால் செய்த ரீட் ஒன்றுக்கு நூறு வெள்ளியை ஒட்டி ஆகிறது, தினமும் ஊதினால் சில வாரங்கள்தான் தாங்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், மூன்றை மாற்றி மாற்றி ஊதுங்கள்.

இரண்டாவது சந்தேகம் ஏசி. நம் ஊர்ப் புழுக்கத்திலிருந்து குளிர்ந்த அறைக்குள் போனதும் சுருதி இறங்கிவிடும், ஏற்கெனவே நகரும் ஃபோர்க் எஃப் இன்னும் மோசமாகும். ஊதும் முன் மேல்பகுதியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குங்கள். மர ஓபோவைக் காரில் விட்டுவிட்டு அப்படியே ஏசி அறைக்கு எடுத்துப் போனால் மரத்தில் விரிசல் விழலாம். அதே குளிரில் குழாய்க்குள் நீர் கோத்துத் துளைகளில் தேங்கும், ஸ்வரம் குமிழியிட்டு ஒலிக்கும். சிகரெட் சுருட்டும் மெல்லிய தாளைப் பேடுக்கு அடியில் வைத்து மூடி எடுத்தால் உறிஞ்சிவிடும். பசை இருக்கும் ஓரம் பேடில் படக் கூடாது.

மூன்றாவது, வாத்தியமே சரியில்லாமல் இருக்கலாம். ஃபோர்க் எஃப் போன மாதம் நன்றாக இருந்து இந்த மாதம் மங்கிவிட்டது, வழக்கமான எஃப் மட்டும் சரியாக இருக்கிறது என்றால் ரெசனன்ஸ் கீயின் திருகு தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இடது எஃப் மட்டும் மங்கி ஒலித்தால் அந்தக் கீ பேடை முழுதாகத் திறக்கவில்லை. சின்னத் திருகுதானே என்று நீங்களே திருப்பாதீர்கள். ஒன்றைத் திருப்பினால் வேறு இரண்டு பேட் மூடாமல் போகும். பழுதுபார்ப்பவரிடம் "சத்தம் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் முழுச் சர்வீஸுக்குக் கூலி கேட்பார். எந்த எஃப், எந்த ஆக்டேவ், ஈ-ஃபிளாட் கீ சேர்த்தால் மாறுகிறதா என்று எழுதிக் கொடுங்கள். ஓபோ தெரிந்த ஆள் இங்கே குறைவு என்பதால் வாத்தியம் கைக்குத் திரும்ப நாளாகும். தேர்வோ கச்சேரியோ இருந்தால் இரண்டு மாதம் முன்பே கொடுத்து வாங்கிவிடுங்கள்.